குடியை விட்டுக் குடிக்கு மீண்டவர்

நமது கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வரைந்து தருமாறு மலர்க் குழுவினர் எம்மைக் கேட்டபொழுது, பழைய ஆசிரியர்களின் பிரம்பைப் பற்றியோ விடுதிச்சாலைச் சாம்பாரைப் பற்றியோ எழுதலாமென்றே முதலில் எண்ணினோம். ஆயின் அவற்றை எழுதுதற்கு எம்மினும் வல்லார் பலர் உளர். முந்திய மலர்களைப் புரட்டிப் பார்ப்பின், நீதிபதியானவர், பொறியியலாளரானவர், கடல் கடந்து சென்று பேராசிரியரானவர் ஆகியோரின் படங்களை வரிசையாகக் காணலாம். அது தக்கதே. எனினும் ஒரு வகுப்பிலே கற்றவர் எல்லோரும் படத்துக்குரியவராய் முடிவதில்லை. எமது வகுப்பிலே முப்பத்திரண்டு பேர் இருந்தோம். அவர்களுள் குடியினாலே மாண்டவர் எமக்குத் தெரிய நால்வர். நால்வருடைய மரண அறிவித்தல்களிலும் ‘சடுதியான சுகவீனம்’ என்றே கண்டிருந்தது. பத்தும் இருபதும் ஆண்டுகள் நீடித்த ஒன்றைச் சடுதி என்று எழுதுவது நம்மவரின் நாகரிகம் போலும்.

ஐந்தாமவர் மாளவில்லை. அவரைப் பற்றியே ஈண்டு எழுதுகின்றோம். எழுதலாமோ என்று அவரைக் கேட்டபொழுது, “பெயரை மட்டும் விடும், மற்றதெல்லாம் எழுதும்” என்றார். ஆதலின் இக்கட்டுரை முழுவதிலும் அவர் ‘நண்பர்’ என்றே வருவார்.

நண்பர் 1972ஆம் ஆண்டிலே அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் படவரைஞராகக் கொழும்புக்கு வந்தார். வெள்ளவத்தையிலே வாடகை கட்டுப்படியாகாமையால் கொலன்னாவையிலே இரண்டறை வீடொன்று எடுத்தார். கொலன்னாவையை அறியாத அன்பர்கள் பொருட்டு ஒரு வார்த்தை. தெமட்டகொடையைக் கடந்து கிழக்கே செல்ல, களனி கங்கைக்குத் தெற்கே தாழ்ந்த நிலத்திலே அமைந்த ஊர் அது. நாட்டின் பெரிய எண்ணெய்க் குதங்கள் அங்கே உள்ளன. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே அவை தாக்கப்பட்டு எரிந்தபொழுது எழுந்த கரும்புகையைக் கொழும்பு மாநகர் முழுவதும் கண்டது. மீதொட்டமுல்லைக் குப்பைமேடு 2017ஆம் ஆண்டு ஏப்பிரல் 14ஆம் நாள், புத்தாண்டுத் தினத்திலே, சரிந்து வீடுகளை மூடியதும் அப்பகுதியிலேதான். மழை பெருகினால் கங்கை வீட்டுக்குள் வரும். சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் அயலயலாக வாழும் அவ்வூரிலே நண்பர் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்து வருகின்றார். இடையிலே ஓராண்டு நீங்கலாக.

அந்த ஓராண்டு 1983. யூலை மாதத்திலே அவருடைய வீடு எரிந்தது. மனைவியையும் மூன்று வயது மகளையும் கொண்டு அகதிமுகாமிலே கிடந்து, கப்பலேறிக் காங்கேசன்துறை சேர்ந்தார். மகன் பிறந்தது அடுத்த ஆண்டிலே. உத்தியோகம் கொழும்பிலே ஆதலின் மீண்டும் வந்தார். அவருடைய குடி அந்த ஆண்டிலேதான் தொடங்கியது என்று நண்பர்களாகிய நாம் நெடுங்காலம் சொல்லி வந்தோம். அவரோ இதை ஒப்புவதில்லை. “எத்தனையோ பேருடைய வீடு எரிந்தது. அவர்கள் எல்லோருமா குடித்தார்கள்? நான் அதற்கு முன்னும் குடித்தேன், பின்பு சொல்ல ஒரு காரணம் கிடைத்தது, அவ்வளவுதான்” என்பார். இத்தகைய கடுமையை ஒருவர் தம்மீதே காட்டுவது அரிது. முழுவதும் சரியென்றும் நாம் கருதவில்லை; நெருப்பு நெருப்புத்தான்.

குடித்த காலத்தைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. அலுவலகம் விட்டதும் கால் போத்தல் சாராயம். பின்னர் அரைப் போத்தல். பின்னர் காலையிலே கைநடுக்கம் தீர ஒரு வாய். போயா தினத்திலே சாராயக்கடைகள் பூட்டியிருக்கும் என்பதனால், பௌர்ணமி எப்பொழுது வருகின்றதென்பதை எம் நண்பர் அறிந்த அளவுக்குப் பஞ்சாங்கம் பார்ப்போரும் அறிந்திலர். முதல்நாளே இரண்டு போத்தல் வாங்கி அரிசி வாளிக்குள் வைத்துவிடுவார். மனைவியின் காப்பு அடகுக்குப் போயிற்று. ஊரிலே தமக்கையாருடன் பங்காக இருந்த காணி ஈட்டுக்குப் போயிற்று. மகளுக்கு அவளுடைய அம்மம்மா கொடுத்த பதக்கச் சங்கிலியும் போய், மீட்கும் தவணை தவறி ஏலத்திலே விலைப்பட்டது. இந்தச் சங்கிலியை அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்வாராக.

2008ஆம் ஆண்டிலே, ஐம்பத்தெட்டாம் வயதிலே, இரத்த வாந்தியெடுத்து வைத்தியசாலையிலே சேர்க்கப்பட்டார். மூன்றாம் நாள் இரவு சுவர் முழுவதும் எறும்பு ஊர்வதாகக் கண்டு கட்டிலினின்று குதித்தார். தம்மைப் பேய் பிடித்ததென்றே அவர் நினைத்தார். அங்கிருந்த இளம் வைத்தியர் ஒருவர் பின்னர் விளக்கினாராம்: மது மூளையை மந்தப்படுத்துவது, பல்லாண்டு நாள்தோறும் குடிப்பவருடைய மூளை அம்மந்தத்தை ஈடுசெய்யும் பொருட்டுத் தன்னை முறுக்கி வைத்துக்கொள்கின்றது, சடுதியாக மது நின்றுவிட, முறுக்கு மட்டும் எஞ்சிக் கட்டறுத்துக்கொண்டு ஓடுகின்றது. நடுக்கமும் வியர்வையும் இல்லாப் பொருளைக் காண்பதும் வலிப்பும் அதனால் வருவன. இரண்டாம் மூன்றாம் நாட்களே மிக அபாயமானவை, உயிரும் போவதுண்டு. ஆதலினால், நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் வீட்டிலே கதவைப் பூட்டிக்கொண்டு தாமாக நிறுத்த முயலாது வைத்தியரின் பார்வையிலேயே நிறுத்தல் வேண்டும். தயமின் என்னும் உயிர்ச்சத்தை ஊசியாக ஏற்றுவதும், நடுக்கத்தைப் படிப்படியாகத் தணிக்க மருந்து கொடுப்பதும் அதன் பொருட்டே. ‘மனவுறுதி இருந்தால் இன்றைக்கே விடலாம்’ என்று அறிவுரை கூறும் பெரியோர் இதனைச் சற்றே மனத்திற் கொள்வாராக.

இஃது ஒரு நோய் என்னும் கருத்து நம்மவரிடையே இன்னும் வேரூன்றவில்லை. அமெரிக்க வைத்தியச் சங்கம் 1956ஆம் ஆண்டிலேயே இதனை நோயென ஏற்றுக்கொண்டது. அதற்கும் முன்னரே, 1935ஆம் ஆண்டு ஒகையோ மாநிலத்து அக்ரன் நகரிலே, பில் வில்சன் என்னும் பங்குத் தரகரும் பொப் சிமித் என்னும் சத்திரவைத்தியரும், இருவருமே குடியர், ஒருவரோடொருவர் பேசிக்கொண்டிருந்தால் குடியாமல் இருக்க முடிகின்றதெனக் கண்டனர். அதனின்று எழுந்ததே இன்று உலகெங்கும் பரந்துள்ள பெயர் வெளியிடாக் குடிநோயாளர் கழகம்.

நமது நாட்டிலே மதுவொழிப்பு இயக்கம் பழைமையானது. 1904ஆம் ஆண்டிலும் 1912ஆம் ஆண்டிலும் எழுந்த இயக்கங்கள் தவறணைகளை எதிர்த்துப் பெருங்கூட்டங்களைத் திரட்டின. தேசிய இயக்கத்தின் தலைவர்கள் பலர் அவற்றிலே பயின்றவர்களே. 2006ஆம் ஆண்டுச் சட்டம் மது விளம்பரங்களைத் தடுத்தது; இருபத்தொரு வயதுக்குக் குறைந்தவர்க்கு விற்பதையும் தடுத்தது. இவையெல்லாம் புதிதாகக் குடிக்க வருபவரைத் தடுப்பதற்கு உதவும். ஏற்கெனவே அரிசி வாளிக்குள் போத்தல் வைத்திருப்பவருக்கு வேறொன்று வேண்டும். நண்பருக்கு அது, சுமித்திரயோ இயக்கத்தினர் கொழும்பிலே நடத்தும் ‘மெல் மெதுர’ என்னும் நிலையத்திலே கிடைத்தது. சுமித்திரயோ 1974ஆம் ஆண்டிலே ஜோன் டி மெல் அம்மையாரால் தொடங்கப்பட்டது. அங்கே பணம் கேட்பதில்லை, உபதேசமும் இல்லை. எதிரே அமர்ந்திருந்தவர் தம் பேச்சைக் கேட்டதே தமக்குப் பெரும் வியப்பாயிற்று என்று நண்பர் கூறுவார்.

குடியை விட்ட கதை இவ்வளவே. எம்முடைய பொருள் இனித்தான் தொடங்குகின்றது.

குடி என்னும் சொல்லுக்கு மது அருந்துதல் என்பதும் குடும்பம் என்பதும் பொருள். வள்ளுவர் பொருட்பாலிலே கள்ளுண்ணாமையை 93ஆம் அதிகாரமாக வைத்தார், 94ஆவது சூது, 95ஆவது மருந்து, 96ஆவது குடிமை. இந்த வைப்புமுறைக்கு உரையாசிரியர்கள் கூறும் காரணங்கள் வேறு. எனினும் எம் நண்பரைப் பார்த்தபின், கள்ளுக்கும் குடிமைக்கும் இடையிலே மருந்து நிற்பதைப் படிக்கும்பொழுதெல்லாம் எமக்கு ஒரு புன்முறுவல் தோன்றுகின்றது. மருந்தினின்று குடிமைக்குப் போவதற்குத் தாள் ஒன்று புரட்டினாற் போதும். நண்பருக்கோ பத்தாண்டு பிடித்தது.

வைத்தியசாலையினின்று வீடு வந்தவர் மனைவி மகிழ்வாள் என்று எதிர்பார்த்தார். முதல் ஒரு மாதம் மகிழ்ச்சியே. அதன்பின் நிகழ்ந்ததை அவர் எதிர்பார்க்கவில்லை. இருபத்தைந்து ஆண்டு வாய் திறவாதிருந்த அம்மையார் பேசத் தொடங்கினார். 1987இலே நடந்தது, 1991இலே நடந்தது, மகனுடைய பரீட்சைக்கு முதல்நாள் இரவு நடந்தது என்று, நாளும் கிழமையுமாக எல்லாம் வந்தன. நண்பர் எம்மிடம் வந்து, “குடித்த காலத்திலே வீட்டிலே இத்தனை சண்டை இல்லையே, ஐசே” என்று முறையிட்டார். நாம் இதை ஒருநாள் அம்மையாரிடமே கேட்டோம். அவர் சொன்ன விடை: “அப்போது ஆருக்கு அண்ணை சொல்லுறது? இப்பதானே கேட்கிறதுக்கு ஒரு ஆள் வீட்டில இருக்கு.”

இதை வேறு நாட்டிலே பெண்கள் முன்னரே கண்டிருந்தனர். பில் வில்சனின் மனைவி லோயிஸ் அம்மையார், கணவன் குடியை விட்டபின்னும் தம் மனம் ஆறாமை கண்டு, தம்மையொத்த மனைவியருடன் சேர்ந்து 1951ஆம் ஆண்டிலே அல்-அனன் என்னும் குடும்பத்தார் குழுவை அமைத்தார். நமக்கு அணித்தான சான்று சென்னையிலே உண்டு. டி. டி. கிருஷ்ணமாச்சாரியாரின் குடும்பத்தைச் சேர்ந்த டி. டி. ரங்கநாதன் குடியினாலே 1979ஆம் ஆண்டில் இளமையிலேயே மறைந்தார். அவருடைய மனைவியார் சாந்தி ரங்கநாதன் அம்மையார் அடுத்த ஆண்டிலேயே கணவர் பெயரால் குடிநோய்ச் சிகிச்சை நிலையம் ஒன்றை நிறுவினார். செல்வக் குடும்பத்து இளம் விதவை ஒருவர், கணவர் குடியால் இறந்தார் என்று ஊரறியக் கூறி, அவருடைய பெயரையே வாயிற் பலகையில் எழுதிய துணிவை எண்ணிப் பார்க்க வேண்டும். நாமோ சடுதியான சுகவீனம் என்று எழுதுகின்றோம். அந்நிலையத்திலே நோயாளருக்கு மட்டுமன்றி வீட்டாருக்கும் தனியாகச் சிகிச்சை உண்டு. இந்திய அரசு அம்மையாருக்கு 1992ஆம் ஆண்டிலே பத்மஸ்ரீ வழங்கியது.

கொலன்னாவை வீட்டிலே நடந்தவை இத்தகைய பெருமைக்குரியனவல்ல; சிறியன. அம்மையார் மாலை ஏழு மணியானால், என்ன வேலையிலிருந்தாலும், படலைச் சத்தத்துக்குக் காது கொடுப்பார். இரும்புப் படலை ஒரே தடவையிலே திறபட்டாற் குடிக்கவில்லை. இரண்டு மூன்று தடவை இடிபட்டாற் குடித்திருக்கின்றார். இது பழைய கணக்கு. குடி நின்று இரண்டாண்டு சென்றபின்னும் அவருடைய காது அக்கணக்கை விடவில்லை. நண்பர் இதனை அறிவார். ஆதலின் வெளியே சென்று திரும்பினால், நேரே அடுக்களைக்குப் போய், மனைவியின் அருகிலே நின்று, ஏதேனும் ஒன்றைக் கேட்பார்: “உப்பு வாங்க வேணுமோ?” என்பார், “தபால் வந்ததோ?” என்பார். அவருடைய மூச்சு அம்மையாரின் முகத்திலே பட வேண்டும் என்பதே கருத்து. ஊதிக் காட்டும்படி அம்மையார் ஒருநாளும் கேட்டதில்லை. காட்டுகின்றேன் என்று அவரும் சொன்னதில்லை. இதை எவரும் அவருக்குக் கற்பிக்கவில்லை.

அலுமாரித் திறப்பு அம்மையாரின் இடுப்பிலே இருந்தது. ஓய்வூதியம் எடுக்க மாதந்தோறும் இருவரும் சேர்ந்தே வங்கிக்குப் போவர். பணத்தை அம்மையாரே எண்ணி வாங்குவார். ஐந்தாண்டு இவ்வாறு நடந்தது. ஆறாம் ஆண்டிலே ஒருநாள் அம்மையார் காய்ச்சலாற் படுத்திருந்தார். “இஞ்சாருங்கோ, இண்டைக்கு நீங்களே போய் எடுத்துக்கொண்டு வாங்கோ” என்று திறப்பை எடுத்துக் கொடுத்தார். நண்பர் வங்கிக்குப் போய்ப் பணத்தை எடுத்து, பற்றுச்சீட்டுடன் கொண்டுவந்து, ஒரு சதமும் குறையாமல் வைத்தார். அதை எமக்குத் தொலைபேசியிலே சொன்னபொழுது, எஸ்.எஸ்.சி. பரீட்சை சித்தியடைந்த நாளிலே அவருடைய குரல் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

மகளின் கதை கடினமானது. அவள் மணமாகி வெள்ளவத்தையிலே தொடர்மாடி ஒன்றிலே இருந்தாள். தகப்பன் வைத்தியசாலையிலே கிடந்த ஆண்டிலேதான் அவளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. குழந்தையை அவருடைய கையிலே கொடுக்க அவள் இசையவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நான்கு மணிக்கு வரலாம். ஆறு மணிக்குப் போய்விட வேண்டும். அவள் இருக்கும் அறையிலேயே குழந்தை இருக்கும்: இவை அவளுடைய நிபந்தனைகள். நண்பர் கொலன்னாவையிலிருந்து பொரளைக்கு ஒரு பஸ், அங்கிருந்து வெள்ளவத்தைக்கு ஒரு பஸ் என்று இரண்டு வண்டி மாறி வருவார். பஸ் முந்தி வந்துவிட்டால் காலி வீதியிலே கடையோரம் நின்று மணி நான்கானபின்பே படியேறுவார். ஏழு ஆண்டு இப்படி நடந்தது.

இடையிலே அவர் சங்கிலியை மீட்க எண்ணினார். ஏலத்திலே போனதை எங்கே மீட்பது? மூன்றாண்டு சிறுகச் சிறுகச் சேமித்து, செட்டியார் தெருவிலே, அதே நிறையிலே, அதே பதக்க வேலைப்பாட்டிலே ஒரு சங்கிலி செய்வித்துக் கொண்டுபோய் மகளிடம் நீட்டினார். அவள் பெட்டியைத் திறந்து நெடுநேரம் பார்த்தாள். பின்பு மூடி அவருடைய கையிலேயே வைத்து, “இது அம்மம்மா தந்தது இல்லையே, அப்பா” என்றாள்.

அன்று எம் வீட்டுக்கு வந்தவர் தேநீரும் பருகாமல் இருந்தார். குடிநோயாளர் கழகத்தாரின் பன்னிரண்டு படிகளிலே எட்டாவதும் ஒன்பதாவதும் இதைப் பற்றியனவே. தாம் தீங்கு செய்தவர்களின் பெயர்களை எழுதிக்கொண்டு, இயன்ற இடமெல்லாம் நேரே சென்று ஈடு செய்தல் வேண்டும். அப்படிச் செய்வது அவர்களுக்கோ பிறர்க்கோ மேலும் ஊறு விளைக்குமாயின் செய்தலாகாது என்று ஒரு விலக்கும் அங்கே உண்டு. நண்பர் அந்த விலக்கின் பொருளை அன்றே உணர்ந்ததாகக் கூறுவார். பொன்னைத் திருப்பிக் கொடுப்பதிலே தமக்கு வரும் ஆறுதலுக்காகவே தாம் போனதாகவும், மகளுக்கு அது பழைய புண்ணைக் கிளறியதாகவும் அவர் சொன்னார். சங்கிலி இன்றும் கொலன்னாவை அலுமாரியிலே இருக்கின்றது. தமக்கையாரின் காணிப்பங்கு மாத்திரம், பணமாதலின், ஒழுங்காகத் திருப்பிக் கொடுபட்டது.

2016ஆம் ஆண்டு வைகாசி மழையிலே களனி கங்கை பெருக்கெடுத்துக் கொலன்னாவையை மூழ்கடித்தது. நண்பரின் வீட்டிலே இடுப்பளவு நீர். மருமகனும் மகளும் முழங்கால் நீரிலே நடந்து வந்து இருவரையும் வெள்ளவத்தைக்குக் கூட்டிப்போயினர். நான்காம் நாள் பேரனுக்குக் காய்ச்சல். மருமகன் வெளியூரிலே, அம்மையார் வீடு கழுவக் கொலன்னாவைக்குப் போய்விட்டார், மகள் அலுவலகம் போயே ஆகவேண்டும். அவள் கைப்பையை எடுத்தாள், வைத்தாள், மீண்டும் எடுத்தாள். “பன்னிரண்டு மணிக்கு மருந்து, அப்பா. மறந்துபோகாதையுங்கோ” என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

வெள்ளத்திலே அவர் இழந்தவை பல. படவரைஞர் கருவிப்பெட்டி, கலியாணப் படங்கள், கல்லூரிச் சான்றிதழ் எல்லாம் சேறாயின. அவற்றைப் பற்றி அவர் ஒரு சொல்லும் எம்மிடம் கூறவில்லை. பன்னிரண்டு மணிக்கு மருந்து கொடுக்கப் பதினொன்றே காலிலிருந்து கரண்டியைக் கையிலே பிடித்துக்கொண்டிருந்ததையும், பேரன், “அம்மப்பா, ஏன் உங்கட கை நடுங்குது? நீங்களும் காய்ச்சலோ?” என்று கேட்டதையுமே சொன்னார்.

மகன் தொரன்ரோவிலே இருக்கின்றான். அவன் தகப்பனுடன் பேசுவதில்லை. நண்பர் ஆண்டுக்கொரு கடிதமாக ஐந்து எழுதினார்; மன்னிப்புக் கேட்டு அல்ல, நடந்ததை நடந்தபடி. விடை வரவில்லை. ஆறாம் ஆண்டிலே, இனி எழுத வேண்டாம் என்று தமக்கை மூலம் சொல்லியனுப்பினான். அன்று முதல் எழுதுவதில்லை. அவன் என்றாவது மனம் மாறுவான் என்று நாம் ஆறுதல் கூற முற்பட்டபொழுது நண்பர் கையமர்த்தினார். “அவன் கேட்டது ஒன்றே ஒன்று. அதையாவது நான் கொடுக்க வேண்டாமோ?” என்றார்.

இனி மலர்க் குழுவினரிடமும் விழாக் குழுவினரிடமும் ஒரு விண்ணப்பம். பழைய மாணவர் சங்கத்தின் இராப்போசனத்துக்கு நண்பர் ஆண்டுதோறும் சீட்டு வாங்குகின்றார், ஆண்டுதோறும் வருவதில்லை. காரணம் யாவரும் அறிந்ததே. பிரார்த்தனையோடும் கல்லூரிக் கீதத்தோடும் தொடங்கும் அவ்விருந்திலே அரைமணி நேரத்துள் மேசைதோறும் போத்தல்கள் வந்துவிடுகின்றன. வேண்டாமென்று சொல்பவரை, “என்ன மச்சான், வைத்தியர் மறித்துப்போட்டாரோ?” என்று கேட்டு, கிண்ணத்தைக் கையிலே திணிக்கும் வழக்கமும் நம்மவரிடையே உண்டு. மது வேண்டுவோர் அருந்துவதைத் தடுக்கும் அதிகாரம் எமக்கில்லை, விருப்பமும் இல்லை. கூடத்தின் ஒரு பாதியை, வேண்டாம், நான்கு மேசைகளையேனும், போத்தல் வராத மேசைகளாக ஒதுக்கினால், நண்பரைப் போன்றோர் சிலரேனும் வருவர். எமது வகுப்பிலே எஞ்சியிருப்பவர் பதினொருவர். அவரை நடுவிலே இருத்திப் படம் ஒன்று எடுத்துக்கொள்ள எமக்கு ஆசை.

இவ்விண்ணப்பத்தை எழுதப் போகின்றோம் என்று சென்ற வாரம் அவரிடம் தெரிவித்தோம். சிறிது நேரம் மௌனமாக இருந்தார். பின்பு விருந்து எத்தனை மணிக்குத் தொடங்கும் என்று கேட்டார். ஆறு மணிக்கு என்றோம். “அப்படியானால் வரலாம். ஆனால் ஒன்பதுக்குள் என்னைக் கொண்டுபோய் வீட்டிலே விட்டுவிடும். அவள் படலையைப் பூட்டாமல் முழித்திருப்பாள்” என்றார்.